மூதாதையர் மண்ணும் மொழியும்

நுழையும்முன்

புலம்பெயர்ந்தோரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோர் வாழ்ந்த மண்ணைக் காணச் செல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். அம்மண்ணில் அவர்கள் காண வேண்டியது எது? ஐரோப்பாவின் தொன்மையான மக்களினங்களுள் ஒன்றான பாஸ்க் மக்களின் நாட்டை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

மாறிப்போன முறை

பெற்றோர் பிள்ளையின் கைபிடித்துச் சொந்த ஊரைச் சுற்றிக்காட்டுவதே இயல்பு. தாத்தா உழுத நிலத்தையும் பாட்டி நீரெடுத்த கிணற்றையும் மூத்தோர் காட்டுவர், இளையோர் காண்பர். புலம்பெயர்ந்த குடும்பங்களில் சில தலைமுறைகளுக்குப் பின் இம்முறை தலைகீழாகிவிடுவதுண்டு. முன்னோர் ஊரைத் தேடிச் சென்று அங்கே தங்கிவிட்ட பிள்ளை வழிகாட்டியாகிறது. காண வரும் பெற்றோர் விருந்தினராகிவிடுகின்றனர்.

அர்ஜென்டினாவிலோ அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்திலோ பிறந்து, பாஸ்க் நாட்டிற்குப் படிக்கச் சென்று, அங்கேயே பணியில் அமர்ந்துவிட்ட ஒரு மகளை எண்ணிப் பார்ப்போம். அவளைக் காணத் தாய் வருகிறார். தாயிடம் இருப்பவை ஒரு பாஸ்க் குடும்பப்பெயரும் பாட்டியின் வழியே கேட்ட சில கதைகளும் மட்டுமே. மகளுக்கு ஊர்களும் தெரியும், மொழியும் தெரியும். அவள் தாயை எங்கெல்லாம் அழைத்துச் செல்ல வேண்டும்? வீடு, மரம், பள்ளி ஆகிய மூன்றையும் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. அவற்றுள்ளும் பள்ளியைக் காட்டாத பயணம் நிறைவுபெறாது என்பேன்.

நாட்டின் பெயரே மொழி

பிரனீஸ் மலைத்தொடரின் மேற்கு முனையில், பிஸ்கே விரிகுடாவின் கரையில் அமைந்துள்ளது பாஸ்க் நாடு. அதன் ஏழு வட்டாரங்களுள் நான்கு ஸ்பெயினிலும் மூன்று பிரான்சிலும் உள்ளன. அங்கு வழங்கும் மொழியின் பெயர் எவுஸ்கரா. ஸ்பானியம், பிரெஞ்சு உள்ளிட்ட எந்த அண்டை மொழியோடும் அதற்கு உறவில்லை. உலகின் எந்த மொழிக்குடும்பத்தோடும் இணைத்து நிறுவப்படாத தனிமொழி அது. உரோமானியர் வருகைக்கு முன்பிருந்தே அப்பகுதியில் பேசப்பட்டு வந்த மொழியின் தொடர்ச்சி என அறிஞர் கருதுகின்றனர். 1545ஆம் ஆண்டில் அம்மொழியின் முதல் அச்சு நூல் வெளிவந்தது.

அம்மக்கள் தம் நாட்டை 'எவுஸ்கல் எர்ரியா' என்று அழைக்கின்றனர். பாஸ்க் மொழியின் நாடு என்பது அதன் பொருள். தம்மை 'எவுஸ்கல்துன்' என்று சொல்லிக்கொள்கின்றனர். பாஸ்க் மொழியை உடையவர் என்பது இச்சொல்லின் நேர்பொருள். நாட்டின் பெயரிலும் மக்களின் பெயரிலும் மொழியே முன்னிற்கிறது. குருதியோ நிறமோ பிறந்த இடமோ அச்சொற்களில் இல்லை.

வீடே பெயரானது

மகள் முதலில் காட்ட வேண்டியது வீடு. பாஸ்க் மரபில் மனிதர் வீட்டிற்குப் பெயரிடுவதைவிட, வீடு மனிதருக்குப் பெயரிடுவதே மிகுதி. வீட்டை அவர்கள் 'எச்சே' என்பர். 'கொய்கோஎச்சேயா' என்னும் குடும்பப்பெயருக்கு மேல்வீடு என்பது பொருள். 'எலிசொந்தோ' என்றால் தேவாலயத்தின் அருகு. 'எச்சேபெர்ரியா' என்றால் புதிய வீடு. வடபகுதியின் பழைய வீடுகள் பலவற்றில், வாயில் நிலைக்கு மேலுள்ள கல்லில் கணவன், மனைவி இருவர் பெயரையும் வீடு எழுந்த ஆண்டையும் பொறித்திருப்பதை இன்றும் காணலாம்.

இவற்றுள் புதிய வீடு என்னும் பெயர் தமிழகக் கடற்கரைக்கும் வந்திருக்கிறது. நவார் நாட்டின் கோட்டையொன்றில் 1506இல் பிறந்த பிரான்சிஸ் சேவியர், 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் பிறந்த கோட்டையின் பெயரான 'ஹாவியர்', எச்சேபெர்ரி என்னும் பாஸ்க் சொல்லின் திரிபே. தென்தமிழகத்தில் சவேரியார் எனவும் சேவியர் எனவும் பெயர் சூடியிருப்போர் அனைவரும், தாம் அறியாமலே, ஒரு பாஸ்க் சொல்லைத் தாங்கி வாழ்கின்றனர். கடற்கரை மக்களின் மொழி தமக்கும், தம் தாய்மொழியாகிய பாஸ்க் அவர்களுக்கும் புரியவில்லை என்று அவர் 1544இல் எழுதிய மடல் ஒன்றில் குறிப்பிடுகிறார். இருமொழி அறிந்தோரைத் துணைக்கொண்டு வேண்டல்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்து மக்களிடம் சென்றார். பெயர் மட்டும் ஒருவரை ஒரு மண்ணோடு இணைத்துவிடாது. மொழி வேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

வீட்டைக் காட்டும் மகள் இன்னோர் உண்மையையும் சொல்ல வேண்டும். பாஸ்க் மரபில் வீடும் நிலமும் பிள்ளைகளிடையே பங்கிடப்படுவதில்லை. ஒருவரே முழுமைக்கும் உரிமையாளர். சில வட்டாரங்களில் ஆணாயினும் பெண்ணாயினும் மூத்த பிள்ளைக்கே அவ்வுரிமை. ஏனையோர் கடலுக்கோ, துறவுக்கோ, தொலைநாட்டுக்கோ செல்ல நேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அர்ஜென்டினா, உருகுவே, சிலி ஆகிய நாடுகளுக்கும், பின்னர் அமெரிக்காவின் நெவாடா, ஐடஹோ புல்வெளிகளுக்கு ஆடு மேய்க்கவும் சென்றவர்களுள் பலர் இத்தகைய இளைய பிள்ளைகள். போரும் வறுமையும் அவர்களை மேலும் உந்தின. எனவே, வழித்தோன்றல்கள் கண்கலங்கி நோக்கும் அந்தக் கல்வீடு, பெரும்பாலும் அவர்களின் முன்னோருக்கு இடமில்லாது போன வீடே. இதை மறைத்துவிட்டு வீட்டின் அழகை மட்டும் காட்டினால், பிரிந்து சென்றவரின் துயரத்தைத் தாய் அறியாமலே திரும்ப நேரும்.

திரும்பிச் சென்ற ஆயர்

இத்துயரத்தை எழுத்தாக்கியவர் ராபர்ட் லக்சால்ட். அவருடைய தந்தை டொமினிக், பிரான்சுப் பகுதிப் பாஸ்க் நாட்டிலிருந்து இளமையில் அமெரிக்கா சென்று, நெவாடா மலைகளில் ஆடு மேய்த்தவர். 47 ஆண்டுகளுக்குப் பிறகு மகனோடு சொந்த ஊருக்குச் சென்றார். அப்பயணத்தை மகன் எழுதிய 'ஸ்வீட் ப்ராமிஸ்ட் லேண்ட்' என்னும் நூல் 1957இல் வெளியானது. ஊரும் உறவும் அவரை அன்போடு வரவேற்றன. ஆயினும், தம் வாழ்வு இனி அமெரிக்காவில்தான் என்பதை அவர் அங்கேதான் உணர்ந்தார்.

டொமினிக்கிடம் பாஸ்க் மொழி இருந்தது. ஊர் அவருக்கு அயலாகிப் போனாலும் பேச்சு அயலாகவில்லை. அவருக்குப் பின்வந்த தலைமுறைகளின் நிலை வேறு. அவர்களிடம் பெயர் இருக்கிறது, பேச்சு இல்லை. நாம் எண்ணிப் பார்க்கும் தாயும் அத்தலைமுறையைச் சேர்ந்தவரே.

மரத்தடியில் சொல்ல வேண்டியவை

இரண்டாவதாகக் காட்ட வேண்டியது கெர்னிகா நகரின் கருவாலி மரம். பிஸ்காயா வட்டாரத்தின் மக்கள் பேராளர்கள் அம்மரத்தடியில் கூடினர். ஆள வந்த மன்னர்கள் அங்கு வந்து, மக்களின் மரபுரிமைகளைக் காப்பதாக உறுதிமொழி ஏற்றனர். ஒரு மரம் பட்டுப்போனால், அதன் வித்திலிருந்து வளர்ந்த கன்று அவ்விடத்தில் நடப்படுகிறது. அதன் கன்றுகள் புலம்பெயர்ந்தோர் வாழும் நாடுகளுக்கும் சென்றுள்ளன.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1937 ஏப்ரல் 26 அன்று, பிராங்கோவுக்குத் துணைநின்ற செர்மானிய, இத்தாலிய வானூர்திகள் கெர்னிகாவின்மீது குண்டுமழை பொழிந்தன. நகரின் பெரும்பகுதி எரிந்தழிந்தது, மரம் தப்பியது. அக்கொடுமையைக் கேட்டறிந்து பிக்காசோ வரைந்த ஓவியத்தை உலகம் அறியும்.

மரத்தடியில் நிற்கும் மகள் இத்துடன் நிறுத்திவிடக் கூடாது. பாஸ்க் நாட்டின் விடுதலைக்கெனத் தொடங்கப்பட்ட ஈட்டா என்னும் ஆயுத இயக்கம் 800க்கும் மேற்பட்டோரைக் கொன்றது என்பதையும், 2011இல் ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டு 2018இல் கலைந்தது என்பதையும் அவள் சொல்ல வேண்டும். தொலைவில் வாழ்வோர்க்கு முன்னோர் மண் ஒரு கோயில் போலத் தோன்றும். அங்கே வாழ்வோர்க்கு அது புண்களும் தழும்புகளும் உள்ள ஊர். பட்ட துன்பத்தை மட்டும் சொல்லி, தம்மவர் இழைத்த துன்பத்தை மறைப்பது வழிகாட்டுதல் ஆகாது.

பள்ளியில் மீண்ட மொழி

மூன்றாவது இடம் பள்ளி. பிராங்கோவின் ஆட்சிக்காலத்தில் பள்ளியிலிருந்தும் பொதுவாழ்விலிருந்தும் பாஸ்க் மொழி விலக்கப்பட்டது. குழந்தைகளுக்குப் பாஸ்க் பெயர் சூட்டுவதும் தடுக்கப்பட்டது. அந்நாளில் எல்விரா சிபிட்ரியா என்னும் ஆசிரியை, சான் செபஸ்தியான் நகரில் தம் இல்லத்திலேயே சிறு குழுவாகக் குழந்தைகளைச் சேர்த்துப் பாஸ்க் மொழியில் கற்பித்தார். 1960களில் பெற்றோரே கூடிப் பொருள்திரட்டி, 'இகஸ்தோலா' எனப்படும் பாஸ்க் வழிப் பள்ளிகளைப் பல ஊர்களில் தொடங்கினர்.

ஊருக்கு ஊர் வேறுபட்ட பேச்சுவழக்குகளால் பாடநூல் எழுதுவது கடினமாயிற்று. 1968இல் பாஸ்க் மொழிக் கழகம் அரான்சாசுவில் கூடிப் பொது எழுத்து வழக்கிற்கு அடித்தளமிட்டது. 1979இன் கெர்னிகா தன்னாட்சிச் சட்டம் ஸ்பெயினின் பாஸ்க் தன்னாட்சிப் பகுதியில் அம்மொழியை ஸ்பானியத்தோடு ஆட்சிமொழியாக்கியது. 1980 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை 'கோர்ரிகா' என்னும் தொடர் ஓட்டம் நடைபெறுகிறது. முதியோர்க்கு மொழி கற்பிக்கும் பணிக்குப் பொருள் சேர்க்கும் அவ்வோட்டத்தில், மக்கள் ஒரு கோலைக் கைமாற்றிக்கொண்டே இரவும் பகலும் நாடெங்கும் ஓடுகின்றனர்.

பயன் கண்கூடு. தன்னாட்சிப் பகுதியில் 16 வயதிற்கு மேற்பட்டோருள் பாஸ்க் மொழி பேச வல்லவர் 1991இல் நூற்றுக்கு 24 பேர். 2021இல் 36 பேர். மொழிக்கு ஆட்சியுரிமை இல்லாத பிரான்சுப் பகுதியிலோ இவ்விகிதம் குறைந்து, 2021இல் நூற்றுக்கு ஏறத்தாழ 20 ஆயிற்று. ஒரே மொழி, ஒரே தொன்மை. எல்லைக்கோட்டின் ஒருபுறம் வளர்கிறது, மறுபுறம் தேய்கிறது. தொன்மை எந்த மொழியையும் காப்பதில்லை; சட்டமும் பள்ளியும் மக்களின் முயற்சியுமே காக்கின்றன. வளரும் பகுதியிலும் கவலை உண்டு. மொழியைக் கற்றோர் பெருகிய அளவிற்குத் தெருவில் அதைப் பேசுவோர் பெருகவில்லை.

உரியவர் யார்?

1895இல் பாஸ்க் தேசியக் கட்சியைத் தோற்றுவித்த சபினோ அரானா, குருதியையும் குடும்பப்பெயரையும் கொண்டே ஒருவர் பாஸ்க் இனத்தவர் என்பதை அளந்தார். ஸ்பானிய மொழி பேசிய வீட்டில் வளர்ந்த அவரும், இளைஞரான பின்னரே பாஸ்க் மொழியை முயன்று கற்றார். பிற்காலத் தலைமுறையினர் குருதியை விடுத்து மொழியை அளவுகோலாகக் கொண்டனர். வளர்ந்தபின் அம்மொழியைக் கற்றவரை 'எவுஸ்கல்துன் பெர்ரி', அதாவது புதிய பாஸ்க் மொழியினர் என்பர். ஆப்பிரிக்காவிலிருந்து பில்பாவோ நகருக்குக் குடியேறிய பெற்றோரின் குழந்தை, பள்ளியில் பாஸ்க் மொழி கற்றுப் பேசினால் அதுவும் எவுஸ்கல்துன்தான். நூறாண்டு காத்த குடும்பப்பெயரோடு வந்திறங்கும் தாய், அச்சொல்லின் நேர்பொருளில், இன்னும் அவ்வாறு ஆகவில்லை.

இது தாயைப் புண்படுத்தாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. புதிய நாட்டில் பிழைக்க வேண்டி மொழியைக் கைவிட்ட முன்னோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. மொழி போன பின்பும் அவர்கள் நடனத்தையும் உணவையும் பெயரையும் காத்தனர். 1877இல் புவெனஸ் ஐரிஸ் நகரில் 'லவுராக் பாத்' என்னும் பாஸ்க் மன்றத்தை நிறுவினர். இத்தகைய மன்றங்களை அவர்கள் 'எவுஸ்கல் எச்சேயா', பாஸ்க் வீடு என்றே அழைக்கின்றனர். அவர்கள் பெயரைக் காத்திராவிடில் மகள் இந்நாட்டைத் தேடி வந்திருக்கவே மாட்டாள். அந்த நன்றியை மறத்தல் ஆகாது.

ஆனால், பெயரைத் தனியொருவர் காக்க முடியும். மொழியைத் தனியொருவர் பேச முடியாது. அதற்குக் கேட்பவர் வேண்டும். மறுமொழி கூறுபவர் வேண்டும். ஆகவே, மகள் எல்லா இடத்திலும் தாய்க்கு மொழிபெயர்த்துக்கொண்டே இருத்தல் நன்றன்று. கடையில் நன்றி சொல்லும் நேரத்தில் சற்றே விலகி நிற்கட்டும். 'எஸ்கெர்ரிக் அஸ்கோ' என்று தாயே சொல்லட்டும். பிழையாக ஒலித்தாலும் அது அவர் பேசிய சொல். பாய்சி நகரில் சிறார்க்கான பாஸ்க் மொழிப் பள்ளி ஒன்று இயங்குகிறது. ஆகவே, வீடு திரும்பிய பின்னும் கற்க வழியுண்டு. இவ்வழி மொழியைத் தொலைத்தவரை அவமதிப்பதில்லை. இனி வருவோர்க்கும் கதவை அடைப்பதில்லை.

முன்னோரின் கல்வீட்டில் இன்று வேறொருவர் குடியிருப்பார். அதை மீட்கவும் முடியாது, மீட்க வேண்டியதும் இல்லை. மொழியைப் பங்கிட எந்த மரபும் தடையில்லை. அதை மூத்த பிள்ளை ஒருவரே பெற்றுக்கொள்வதில்லை. எத்தனை பேர் பெற்றாலும் குறைவதுமில்லை. எந்த மொழியினராயினும், முன்னோர் மண்ணைக் காணச் செல்வோர் அங்கே தம் பெயர் பொறித்த கல்லைத் தேடுவதோடு நில்லாமல், இன்று அம்மொழியில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு குழந்தையின் குரலையும் கேட்டு வர வேண்டும்.