வண்டி வீட்டுக்கு வந்த பிறகு கடன் மாறினால்...

கேள்வி: "அந்தியூர் பக்கம் எங்கள் ஊர். மஞ்சளும் கறவை மாடும்தான் பிழைப்பு. மாமனாருக்கு வாரம் இரண்டு முறை ஈரோட்டில் டயாலிசிஸ். வாடகை வண்டி கட்டுப்படியாகாமல், ஒரு கன்சல்டிங்கில் 4,20,000 ரூபாய்க்குப் பழைய கார் எடுத்தோம். இரண்டு மாடுகளை விற்று 1,20,000 கட்டினோம். பாக்கி 3,00,000 ரூபாய்க்கு வங்கியில் 12 சதவீத வட்டி, 36 மாதம், மாதத் தவணை 9,965 என்றார்கள். 18 நாள் கழித்துக் கூப்பிட்டு, 'பேங்கில் பாஸாகவில்லை, வேறு பைனான்ஸில் போட்டிருக்கிறேன், வட்டி அதே 12தான், தவணை மட்டும் 11,333. இன்றே வந்து கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள்' என்கிறார். ஆர்.சி. புத்தகம் இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. என் கணவர் ஆறு செக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். என்ன செய்வது?"

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். வேண்டாம் என்று சண்டையும் போட வேண்டாம். "எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள், படித்துப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

வங்கிக்கு நேரில் போங்கள்

கன்சல்டிங்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் கணவர் ஆதார், பான் அட்டையுடன் அந்த வங்கிக் கிளைக்கே போய், "என் பெயரில் விண்ணப்பம் வந்ததா? பாஸானதா, தள்ளுபடி ஆனதா? பணம் யாருக்காவது போயிருக்கிறதா?" என்று கேட்கட்டும். பழைய வண்டிக் கடனில் பணம் பெரும்பாலும் விற்பவர் கணக்குக்கே போகும், நம் கைக்கு வராது. முதல் கடன் ஏற்கெனவே பாஸாகியிருந்து, நீங்கள் இரண்டாவதிலும் கையெழுத்துப் போட்டால், ஒரே வண்டிக்கு இரண்டு கடன் தலையில் ஏறும். சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. அதையும் எடுத்துப் பாருங்கள். யார் யார் உங்கள் பெயரில் விசாரித்தார்கள் என்பது அதில் இருக்கும்.

தள்ளுபடி ஆனது உண்மை என்றால், காரணத்தைக் கட்டாயம் கேளுங்கள். வருமானம் போதாது என்பது ஒரு காரணம். வண்டியின் வயது, மதிப்பு, ஆவணம் சரியில்லை என்பது வேறு காரணம். இரண்டாவது என்றால் பிரச்சினை வண்டியிலேயே இருக்கிறது. அந்த வண்டியைக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைத்தாலும் எடுக்கக் கூடாது.

"அதே 12" அல்ல

இங்கேதான் படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். வங்கி சொன்னது குறையும் நிலுவைக்கு வட்டி. நீங்கள் கட்டக் கட்ட அசல் குறையும், வட்டியும் குறையும். 36 மாதத்தில் மொத்தம் கட்டுவது சுமார் 3,58,700. வட்டி மட்டும் 58,700.

புதிதாகச் சொல்வது ஃபிளாட் வட்டி. 3,00,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 36,000 வீதம் மூன்று ஆண்டுக்கு 1,08,000 ரூபாயை முதலிலேயே சேர்த்து, 36 ஆல் வகுத்துவிடுகிறார்கள். கடைசி மாதம் உங்கள் அசல் பாக்கி வெறும் 8,333 ரூபாய்தான். அந்த மாதமும் வட்டி 3,000 ரூபாய் கட்டுவீர்கள். வங்கிக் கணக்கில் சொன்னால் இது 21 சதவீதத்துக்கும் மேல். மொத்த வித்தியாசம் சுமார் 49,000 ரூபாய். நீங்கள் விற்ற ஒரு மாட்டின் விலை ஏறத்தாழ அதில் போய்விடும்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு தாள் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கு, வங்கியோ பைனான்ஸ் நிறுவனமோ "முக்கிய விவர அறிக்கை" தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்குங்கள். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி அதில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. அறிக்கை கொடுத்த பின் குறைந்தது மூன்று வேலை நாளாவது யோசிக்க அவகாசம் உண்டு. ஆகவே "இன்றே கையெழுத்து" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆர்.சி. புத்தகம் என்ன சொல்கிறது?

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய ஓனரின் பைனான்ஸ் இன்னும் ஹெச்.பி.யாக நிற்கிறதா? நின்றால், அந்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. பழைய கடன் முடிந்ததற்கு என்.ஓ.சி.யும், ஹெச்.பி. நீக்கும் படிவம் 35-ம் முதலில் வேண்டும். அதன் பிறகு விற்பவரின் படிவம் 29, வாங்குபவரின் படிவம் 30, புதுக் கடன் இருந்தால் படிவம் 34. மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு 18 நாள் கடந்துவிட்டது.

இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் உடனே செய்யுங்கள். வண்டிக்கு ஏதாவது நேர்ந்தால் சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு வாங்குவது சிக்கலாகிவிடும். பழைய ஓனரிடமும் பேசுங்கள். விபத்தில் இழப்பீடு கொடுக்க வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது தெரிந்தால் பெயர் மாற்றத்துக்கு அவரே உங்களைவிட அவசரப்படுவார்.

மூன்று வழிகள்

ஒன்று, நீங்களே கடன் தேடுவது. பயிர்க்கடன் வாங்கும் வங்கியிலும், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் பழைய வண்டிக்குக் கடன் உண்டா என்று விசாரியுங்கள். ஆர்.சி. நகல், வண்டி மதிப்பீடு, பால் சொசைட்டி பட்டுவாடா விவரம், மஞ்சள் விற்ற ரசீது கையில் இருக்கட்டும்.

இரண்டு, புதுக் கடனையே எடுப்பது. விவர அறிக்கையைப் பார்த்து, ஆண்டு வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பேசி, வெற்றுப் படிவம் எதிலும் கையெழுத்துப் போடாமல், ஒப்பந்த நகலை அன்றே வாங்கிக்கொண்டு செய்யலாம். கூடுதல் ஈடாக நிலப் பத்திரம் கேட்டால் கொடுக்காதீர்கள். காருக்குக் கார்தான் ஈடு.

மூன்று, வண்டியைத் திருப்பிக் கொடுப்பது. முன்பண ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சொன்ன கடன் கிடைக்காததால் திருப்பித் தருகிறோம், முன்பணத்தைத் தாருங்கள் என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். கிலோமீட்டர் மீட்டரையும் வண்டியின் நான்கு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். பணமும் செக்கும் கையெழுத்திட்ட படிவங்களும் கைக்கு வரும்போதே சாவி கைமாற வேண்டும். சாவியை முதலில் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைவது நமக்கு ஆகாது.

செக் விஷயம் கொஞ்சம் கவனம். ஆறு செக் எண்களையும் குறித்து, எதற்காகக் கொடுத்தோம், ஏன் திருப்பிக் கேட்கிறோம் என்று எழுதி அனுப்புங்கள். உண்மையான பாக்கி இருக்கும்போது செக்கை நிறுத்தினால் செக் வழக்கு வரலாம் என்பதால், வங்கியில் நிறுத்தச் சொல்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம், எனவே நீங்களே பேசுங்கள்.

கன்சல்டிங் ஒத்துவராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வங்கி அல்லது பைனான்ஸ் மேல் புகார் என்றால் முதலில் அவர்களுக்கே எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம்.

கடைசியாக, என் துறை சார்ந்து ஒன்று. மஞ்சள் பத்து மாதப் பயிர், பணம் ஆண்டுக்கு ஒருமுறை. தவணையோ மாதாமாதம். அதனால் தவணைக்குப் பால் பணத்தை மட்டும் கணக்கில் வையுங்கள், அதிலும் தீவனச் செலவு போக மிச்சத்தை. இரண்டு மாடு குறைந்த பிறகு அந்த மிச்சம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 9,965 ரூபாய்க்கே இழுபறி என்றால் 11,333 வேண்டவே வேண்டாம். தவணைக்காகப் பயிர்க்கடன் பணத்தைத் தொடாதீர்கள். கூட்டுறவுப் பயிர்க்கடன் கெடு தவறினால் வட்டிச் சலுகை போய்விடும்.

மாமனாரின் டயாலிசிஸ் நிற்கக் கூடாது என்ற பயத்தில்தான் கையெழுத்துப் போடத் தோன்றும். இரண்டு வாரம் வாடகை வண்டியில் போனாலும் அந்தச் செலவு 49,000 ஆகாது. வாசகர்களே, பழைய வண்டி எடுக்கும் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: கடன் பாஸான கடிதத்தைப் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள், ஹெச்.பி. நீங்கிய ஆர்.சி.யைப் பார்த்த பிறகு வண்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.