எந்தத் தேதிக்குள்? – அடுக்குமாடி வீட்டுக்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் வீட்டுவசதித் துறைக்கும், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்கும், நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவுக்கும். கட்டி விற்கும் பில்டர்களுக்கும், வரைந்து கையெழுத்திடும் ஆர்க்கிடெக்டுகளுக்கும் இன்ஜினியர்களுக்கும்:

நாங்கள் பிளாட்டில் குடியிருப்பவர்கள்; பிளாட் வாங்கி மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருப்பவர்கள். 2016-ல் ரெரா சட்டம் வந்தது. 2019-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. 2022-ல் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. இவற்றை எடுத்துவைத்துப் படித்தால், நாங்கள் கேட்பதில் பெரும்பகுதி ஏற்கெனவே எங்களுக்குச் சேர வேண்டியது என்பது புரியும். ஆகவே இங்கே நியாயத்தை வாதாடப் போவதில்லை. ஒவ்வொன்றும் எந்தத் தேதிக்குள் நடக்கும் என்று மட்டுமே கேட்கிறோம்.

முதலாவது, உயிர். 2014 ஜூன் 28 அன்று மாலை, மழையில், மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். பலர் ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்துக்கும் பிளான் அப்ரூவல் இருந்தது. அறை எங்கே, படி எங்கே என்று காட்டும் வரைபடம் ஒன்று. தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற கணக்கு வேறொன்று. சைட்டில் உண்மையில் கட்டிய கம்பி மூன்றாவது. முதல் இரண்டையும் அலுவலகத்தில் உட்கார்ந்தே சரிபார்க்கலாம். மூன்றாவதைப் பார்க்க ஆள் போக வேண்டும், அதுவும் கான்கிரீட் விழுவதற்கு முன்பு. விழுந்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பது மேஸ்திரிக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். எனவே 18.3 மீட்டரைத் தாண்டும் ஒவ்வொரு கட்டடத்திலும் அடித்தளத்துக்கும் ஒவ்வொரு தளத்துக்கும் கான்கிரீட் போடும் முன், பில்டரிடம் சம்பளம் வாங்காத இன்ஜினியர் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவரைச் சி.எம்.டி.ஏ. தேர்ந்தெடுக்கட்டும், கட்டணத்தைப் பில்டர் சி.எம்.டி.ஏ.விடம் கட்டட்டும். அவருடைய அறிக்கையும், கான்கிரீட் கியூபின் 28 நாள் சோதனை முடிவும் கிடைத்த அன்றைக்கே இணையத்தில் ஏற வேண்டும். இன்றும் எங்கோ ஒரு தளம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு மேல் அவசரம் என்ன சொல்ல?

இரண்டாவது கோரிக்கை, சின்னக் கட்டடங்களைப் பற்றியது. பெரிய டவர்களுக்காவது நாலு பேர் கேள்வி கேட்கிறார்கள். மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் பெரம்பூரிலும் ஒரு தனிவீட்டை இடித்த இடத்தில் எழுவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு தளம், தளத்துக்கு இரண்டு வீடு. ஆக மொத்தம் எட்டு. ரெரா சட்டம் 500 சதுர மீட்டருக்கு மிகாத மனைக்கும் எட்டு வீட்டுக்கு மிகாத திட்டத்துக்கும் பதிவு வேண்டாம் என்கிறது. மாநில விதியோ 14 மீட்டர் உயரம், எட்டு வீடு, 750 சதுர மீட்டர் வரையிலான குடியிருப்புக்குப் பணி நிறைவுச் சான்றிதழே வேண்டாம் என்கிறது. இரண்டு சலுகைகளும் ஒரே கட்டடத்தின் மேல் வந்து விழுகின்றன. அந்த எட்டுக் குடும்பங்களும் முழு விலை கொடுத்து, எந்த அதிகாரியும் வந்து பார்க்காத வீட்டில் பால் காய்ச்சுகின்றன. சான்றிதழுக்கு அலைந்து கரண்ட் இணைப்பு கிடைக்காமல் தவித்தவர்களுக்காகத்தான் அந்த விலக்கு வந்தது என்பதை அறிவோம். தன் குடும்பத்துக்குக் கட்டுபவருக்கு அது இருக்கட்டும். விற்கக் கட்டுபவருக்கு எதற்கு? விற்பனைக்கான ஒவ்வொரு கட்டடத்துக்கும் சான்றிதழைக் கட்டாயமாக்குங்கள். கேட்ட 30 நாளுக்குள் கொடுங்கள், இல்லையேல் மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள். ரெரா பதிவின் வரம்பையும் நான்கு வீடாகக் குறையுங்கள். குறைக்கும் அதிகாரத்தை அதே சட்டத்தின் 3-வது பிரிவு மாநில அரசுக்குத் தந்திருக்கிறது. டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும்.

மூன்றாவது, பள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் கட்டுமானத்துக்குத் தோண்டிய ஆழப் பள்ளத்தில் பக்கத்து நிலம் சரிந்து இருவர் இறந்தார்கள். வடகிழக்குப் பருவமழை சொல்லாமல் வருவதில்லை. அக்டோபர் தொடங்குமுன் தடுப்புச் சுவர் முடியாத எந்தப் பள்ளமும் திறந்து கிடக்கக் கூடாது. முடியாத இடத்தில் மழைக்காலம் முழுதும் தோண்டுவதற்குத் தடை வேண்டும். தோண்டும் முன் சுற்றியுள்ள வீடுகளின் சுவர்களைப் படம் எடுத்து, ஒரு பிரதியை அந்த வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். பிற்பாடு விரிசல் பழையதா புதியதா என்ற சண்டை இருக்காது. இந்த மழைக்கு முன்பே இது நடக்க வேண்டும்.

நான்காவது, ஒப்பந்தம் தமிழில் வேண்டும். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து நாங்கள் கையெழுத்திடும் காகிதம் ஆங்கிலத்தில், நாற்பது ஐம்பது பக்கத்தில் வருகிறது. மனையில் எங்கள் பங்கு (யு.டி.எஸ்.) எவ்வளவு, சுவருக்குள் நடமாடும் பரப்பு எவ்வளவு, கார் நிறுத்துமிடம் எங்கே, சாவி எந்தத் தேதியில் என்ற நான்கும் முதல் பக்கத்தில் தமிழில் இருக்க வேண்டும். ரெரா தன் பதிவு எண்ணுக்கு நிபந்தனையாக இதை நாளையே வைக்கலாம்.

ஐந்தாவது, ஐந்தாண்டுப் பொறுப்பு. சாவி வாங்கியதிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ தென்படும் குறையைச் சொன்ன 30 நாளில் பில்டர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று ரெராவின் 14-வது பிரிவு சொல்கிறது. நடைமுறையில் முதல் மழையிலேயே சுவரில் ஓதம் ஏறுகிறது, மேல் வீட்டுக் குளியலறை கீழ் வீட்டுக் கூரையில் சொட்டுகிறது. போன் செய்தால் ‘ஆள் அனுப்புகிறோம் சார்’ என்கிறார்கள். ஒரு திட்டத்துக்கென்று ஒரு கம்பெனி தொடங்கி, விற்றுத் தீர்ந்ததும் மூடிவிட்டால் போனை எடுக்கவே ஆள் இருப்பதில்லை. வாங்குவோர் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்ற விதி உண்டல்லவா? அதே கணக்கில் ஒரு பங்கு ஐந்தாண்டும் தங்கட்டும். 30 நாளில் வேலை நடக்காவிட்டால் வீட்டு உரிமையாளர் சங்கமே ஆள் வைத்துச் சரிசெய்து, ரெராவின் ஒப்புதலோடு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒழுங்காகக் கட்டிய பில்டருக்கு அந்தப் பணம் வட்டியோடு திரும்பும். அவருக்கு இதில் நஷ்டமில்லை.

ஆறாவதாக, ரெராவிடமே ஒரு வார்த்தை. புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம் வைத்த கெடு. தாண்டினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. தாண்டிய ஒவ்வொரு வழக்கின் காரணத்தையும் மாதந்தோறும் வெளியிடுங்கள். தீர்ப்பு வந்த பிறகு இன்னொரு காத்திருப்பு தொடங்குகிறது: திருப்பித் தரச் சொல்லி உத்தரவான பணத்தை நிலவரிப் பாக்கி போல வசூலிக்கலாம் என்று 40-வது பிரிவு சொல்ல, அந்தக் காகிதம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய் உறங்குகிறது. ரெரா உத்தரவிட்ட தொகையை வசூலிப்பதற்கென்றே சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் தலா ஒரு தாசில்தாரை நியமிக்க வேண்டும். உத்தரவை மதிக்காத பில்டரின் அடுத்த திட்டத்துக்குப் பதிவு எண் தரக் கூடாது. வாடகையும் தவணையும் ஒருசேரக் கட்டும் குடும்பத்துக்கு ஒவ்வொரு மாதமும் இரட்டைச் செலவு.

ஏழாவது, ஒப்படைப்பு. சங்கத்திடம் கட்டட வரைபடங்களையும் ஆவணங்களையும் 30 நாளில் தர வேண்டும் என்பது ரெரா சட்டத்தின் 17-வது பிரிவு. பைப் எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் சுவரை உடைத்துப் பார்க்கும் சங்கங்கள் எத்தனையோ. எங்களிடம் வசூலித்த கார்ப்பஸ் ஃபண்டை வட்டிக் கணக்கோடு அதே நாளில் ஒப்படைக்க வேண்டும். 2022 சட்டப்படியான சங்கப் பதிவுக்கு எந்த அலுவலகம், என்ன படிவம், எத்தனை நாள் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஒவ்வொரு சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஒட்டுங்கள்.

எட்டாவது, ஆர்க்கிடெக்டுகளிடம். கழிவுநீர்த் தொட்டியையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் பேஸ்மென்ட்டின் மூலையில், குனிந்து நுழையும் ஒரு வாயோடு வரைகிறீர்கள். மோட்டார் பழுதானால் ஒரு மனிதர் உள்ளே இறங்கும்படி ஆகிறது. பாதுகாப்புக் கருவியின்றி அப்படி இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்திருக்கிறது. மேலிருந்தே மோட்டாரைத் தூக்கவும், லாரி பக்கத்தில் வந்து உறிஞ்சவும் வழியில்லாத வரைபடத்துக்கு இனி அனுமதி தரக் கூடாது.

ஒன்பதாவது, தொழிலாளர்கள். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்கான தீர்வை எங்கள் வீட்டு விலைக்குள்தான் இருக்கிறது. சைட்டில் வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயரும், வெளிமாநிலத்தவர் உட்பட, வாரியத்தில் பதிவான பிறகே சென்டரிங் ஏற வேண்டும்.

கடைசியாக, அரசு கட்டும் வீடுகள். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் புத்தம் புதுச் சுவரின் பூச்சு விரலால் சுரண்டினாலே உதிர்ந்தது. பிறகுதான் ஐ.ஐ.டி. ஆய்வு. அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்ட மக்கள் தாங்களே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். தனியாருக்குக் கேட்கும் சோதனையும் ஐந்தாண்டுப் பொறுப்பும் வாரியத்தின் ஒப்பந்ததாரருக்கும் அப்படியே பொருந்த வேண்டும். பழைய வாரியக் கட்டடங்கள் அனைத்தையும் சோதித்து, எது குடியிருக்கத் தக்கது, எது தகாதது என்ற பட்டியலை இந்த ஆண்டுக்குள் வெளியிட வேண்டும். தகாததைக் காலி செய்யச் சொல்லும் நாளிலேயே மாற்று வாடகை கைக்கு வர வேண்டும்.

தமிழ் ஒப்பந்தப் பக்கம், தாமத வழக்குகளின் பட்டியல், ஆவண ஒப்படைப்பு ஆகியவற்றுக்குச் சுற்றறிக்கையே போதும்: 30 நாள். கான்கிரீட்டுக்கு முந்தைய சோதனை, எட்டு வீட்டுச் சலுகையின் திருத்தம், வசூல் தாசில்தார் ஆகியவற்றுக்கு அரசாணை வேண்டும்: 90 நாள். பள்ளங்களுக்கான உத்தரவு செப்டம்பர் 30-க்குள். இந்தத் தேதிகளில் எது முடியாது என்று எந்தத் துறை நினைக்கிறதோ, அந்தத் துறை காரணத்தையும் தன்னால் முடிகிற தேதியையும் அதிகாரியின் பெயரோடு எழுத்தில் தர வேண்டும்.