ஜாமீன் நிற்பது யார்?



வேலையிடத்தில் கையை இழந்த ஒருவருக்கு நஷ்டஈடு ஒரே நாளில் தீர்ந்துவிடும் கணக்கல்ல. சிகிச்சை, மருந்து, மாதாமாதம் பணம் என்று அவர் காலம் முழுக்கத் தொடரக்கூடியது. அத்தனை காலம் அந்தக் கம்பெனி இருக்குமா?

அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பல இதற்கு இன்சூரன்ஸ் எடுப்பதில்லை. அரசின் அனுமதியோடு, நஷ்டஈட்டைத் தாங்களே கொடுத்துவிடுகின்றன. பிரீமியம் மிச்சம். ஆனால் நிறுவனம் நொடித்துப்போனால், அடிபட்டவர் யார் வாசலில் போய் நிற்பார்?

கலிபோர்னியா மாநிலம் 1984-இல் இதற்கு ஒரு வழி செய்தது. இப்படித் தாமே பொறுப்பேற்கும் தனியார் நிறுவனங்கள் அனைத்தும் ஓர் உத்தரவாத நிதியில் சேர்ந்தே ஆகவேண்டும். ஒன்று கைவிரித்தால், அதன் தொழிலாளர்களுக்கு அந்த நிதி கொடுக்கும். நொடித்த நிறுவனம் முன்கூட்டியே கட்டிவைத்த பிணைத்தொகை போதாவிட்டால், மீதியை மற்ற உறுப்பினர்கள் பகிர்ந்து கட்டுவார்கள். ஒருவர் கடனுக்கு இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போடுவது நமக்குத் தெரிந்ததுதானே? இங்கே ஒருவருக்கொருவர் எல்லோருமே ஜாமீன்.

பிணைத்தொகையைக் குறைத்து வாங்கினால் என்ன ஆகும் என்பதை நிலக்கரிச் சுரங்கங்கள் காட்டின. கரித்தூளால் நுரையீரல் கெட்ட தொழிலாளர்களுக்கான அமெரிக்க மத்திய அரசின் திட்டத்திலும் நிறுவனங்கள் தாமே பொறுப்பேற்கலாம். 2014 முதல் 2016 வரை அப்படிப்பட்ட மூன்று நிறுவனங்கள் திவாலாயின. ஏறத்தாழ 86.5 கோடி டாலர் பொறுப்பு அரசு அறக்கட்டளை நிதியின் தலையில் விழுந்தது. அவற்றில் ஆல்ஃபா நேச்சுரல் ரிசோர்சஸ் நிறுவனம் வைத்திருந்த பிணை 1.2 கோடி டாலர். விட்டுச்சென்ற பொறுப்போ சுமார் 49.4 கோடி. நிலக்கரி வரியில் ஓடும் அந்த நிதி, ஏற்கெனவே அரசுக் கருவூலத்தில் கடன்பட்டுத் தவித்துக்கொண்டிருந்தது. தொழிலாளிக்குப் பணம் நிற்கவில்லை என்பது ஆறுதல். ஆனால் கொடுக்கவேண்டியவர்கள் கொடுக்கவில்லை.

பிணையை, நிறுவனம் செழிப்பாக இருக்கும்போதே முழுசாக வாங்கி வைக்கவேண்டும். முழுகிய பிறகு கேட்டு என்ன பயன்?

நீங்கள் எந்த நாட்டில் வேலை செய்தாலும், இரண்டு கேள்விகளைக் கேட்டுவையுங்கள். எனக்கு அடிபட்டால் யார் கொடுப்பார்கள்? அவர்கள் இல்லாமல் போனால் யார் கொடுப்பார்கள்? இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைக்கும்வரை விடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்