முன்வரிசை யாருக்கு?

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து புக்கிட் ஜாலிலுக்குக் கலைநிகழ்ச்சி பார்க்கப் போகும் மாணவர்கள் சிலர் மதியமே கிளம்பி வரிசையில் நின்றுவிடுவார்கள். எண்ணிட்ட நாற்காலி என்றால் அந்த அவசரம் வீண். அது எங்கும் ஓடிவிடாது. எண் இல்லாத பகுதியில்தான் சிக்கல்.

2023 செப்டம்பர் 10-ஆம் தேதி சென்னையில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் இசை நிகழ்ச்சியில், நுழைவுச்சீட்டு வைத்திருந்த பலரால் உள்ளேயே நுழைய முடியவில்லை. நெரிசலில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகப் பெண்கள் சிலர் கூறினர். 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் நிகழ்ச்சி நடந்தபோது, இலவசப் பகுதியில் நின்றவர்கள் தடுப்புகளைத் தாண்டி முன்னே பாய்ந்தனர். காசு கொடுத்து வாங்கிய முன்வரிசை காணாமல் போனது.

ரசிகர்களுக்கு ஒழுங்கில்லை என்று திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். பாதிதான் உண்மை. எத்தனை சீட்டு விற்பது, தடுப்பை எங்கே வைப்பது, எத்தனை வாயில் திறப்பது எல்லாம் ஏற்பாட்டாளர் கையில் அல்லவா இருக்கிறது?

2021 நவம்பர் 5-ஆம் தேதி அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிராவிஸ் ஸ்காட் நிகழ்ச்சி நெரிசலில் 10 பேர் இறந்தனர். நெஞ்சு அழுத்தப்பட்டு மூச்சு நின்றதே காரணம். ஆகவே, முன்னால் நிற்பவர்கள் கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் தள்ளினால் எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை தணியும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள். இடம் போனால் போகட்டும், பாட்டு அங்கேயும் கேட்கும்.