பயன் கூறும் பாயிரம்

பல்கலைக்கழகத் துறை ஒவ்வொன்றும் தன் செயற்பாட்டுப் பேறுகளை எழுத்தில் வரைந்து அளந்து காட்டவேண்டும் என்பதை மேல்நாட்டுப் புதுமையென இகழ்வாருளர். யான் அதற்கு உடன்படேன். சிறப்புப் பாயிரம் உரைக்கவேண்டிய எட்டனுள் கேட்போரையும் பயனையும் வைத்தார் நன்னூலார். இவ்விரண்டையும் கூறாத துறைத் திட்டம் எங்ஙனம் நிரம்பும்?

தமிழ்த் துறையொன்றை எடுத்துக்கொள்வோம். 'மாணவர் ஆய்வேடுகளைத் திருத்துவோம்' என்பது செயல், பேறன்று. 'முதல் வரைவைக் கையளித்த மாணவர் ஒவ்வொருவரும் 3 வாரத்துள் எழுத்திலான கருத்துரை பெறுவர்' என்பதே பேறு. பெறுவார் யார், பெறுவது யாது, எக்காலத்துள் என்பன இதில் விளங்குகின்றன. கையளித்த நாளையும் திருப்பிய நாளையும் பதிவேட்டிற் குறித்தால் கால அளவை எளிதிற் கிடைக்கும்.

ஆயினும் நாட்கணக்கு மட்டும் போதாது. 'நன்று' என்று ஒரு சொல் எழுதி மறுநாளே திருப்புவோரும் அக்கணக்கில் வென்றுவிடுவர். ஆதலின், கருத்துரைக்குப்பின் வரைவு எவ்வாறு திருந்தியது என்பதைச் சிலவற்றையேனும் எடுத்து உடனாசிரியர் படித்துப் பார்த்தல் வேண்டும்.

குறை கண்டவிடத்துத் தண்டிப்பதே நோக்கமாயின் பதிவேடு பொய்யுரைக்கத் தொடங்கும். ஒருவர்மீதே பல ஆய்வேடுகள் சுமத்தப்பட்டனவோ என ஆராய்ந்து பணியைப் பகிர்தலே முறை. அளந்தும் எதனையும் மாற்றாத துறை, மாணாக்கர்க்குரிய காலத்தையே வீணாக்குகின்றது.