படம் தெளிவு, நேரம் பிழை



போன எபிசோடில் ஏஐ கேமராக்கள் பற்றிப் பேசினதை வேன் ஓட்டிக்கிட்டே கேட்டேன். முகத்தை அடையாளம் காணுமாம், நம்பர் பிளேட்டைப் படிக்குமாம், கும்மிருட்டிலும் கலரில் காட்டுமாம். எல்லாம் சரி. ஆனா அந்தப் படத்தின் மூலையில் ஓடுற நேரம் சரியா இருக்குமான்னு யாருமே கேட்கலை. அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன். கடுப்போடு கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருக்கு. அதுக்கு வர்றேன்.

நேரம் தப்பாக ஓடும் கேமரா, கேமராவே இல்லாததை விட மோசம். இதுதான் என் கட்சி. கேமரா இல்லாத கடையில் ஏதாவது நடந்தால் "தெரியலையே" என்பார்கள். நேரம் தப்பான கேமரா இருக்கும் கடையில் "என் கண்ணாலே பார்த்தேன்" என்பார்கள். தெரியலை என்பவரிடம் பேசிப் புரியவைக்கலாம். பார்த்தேன் என்பவரிடம் என்ன பேசுவது?

கிழக்கு லண்டனில் ஒரு மளிகைக் கடை. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஏப்ரலில் ஒரு ஞாயிறு காலை போன் பண்ணினார். "தம்பி, ஒருக்கா வந்து கமராவிலை இருக்கிறதை பென்னிலை ஏத்தித் தாங்கோ. கடையிலை நிக்கிற பிள்ளை காசு எடுத்திட்டுது. வடிவாத் தெரியுது." குரலில் கோபத்தை விட வருத்தம்தான் இருந்தது. அந்தப் பொண்ணு தமிழ்நாட்டிலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வந்தவள். வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை. அண்ணை வீட்டு அக்கா அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். முந்தின நாள் சனிக்கிழமை. டில்லின் அன்றைய ரிப்போர்ட்டில் 20:14 மணிக்கு 38 பவுண்டு ரொக்க ரீஃபண்ட் ஒன்று. யார் போட்டார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது, கடையில் எல்லாருக்கும் ஒரே பின் நம்பர். அதனால் அண்ணை கேமராவில் 20:14-ஐத் தேடி எடுத்தார். அதில் அந்தப் பொண்ணு தனியாக நிற்கிறாள். டில் திறந்திருக்கிறது. கையில் நோட்டுக் கத்தை, எண்ணுகிறாள். நாலு மெகாபிக்சல் படம், நோட்டின் நிறம் கூடத் தெரிகிறது. அண்ணை இரவே அவளுக்கு வாட்ஸ்அப்பில் "நாளையில இருந்து வர வேண்டாம்" என்று போட்டுவிட்டார். காரணம் சொல்லவில்லை.

நான் போய் பென் டிரைவைச் செருகும்போது மணி 11:42. மானிட்டரில் 10:38.

ஒரு மணி நேரம் நாலு நிமிடம் பின்னால் ஓடுகிறது. அப்படியென்றால் கேமராவில் 20:14 என்று காட்டுவது நிஜத்தில் 21:18. கடை பத்து மணிக்குப் பூட்டும். அதற்கு முன் டில்லை எண்ணி வைப்பது அவள் வேலை. அண்ணை பார்த்தது அதைத்தான். உண்மையான 20:14 வேண்டுமென்றால் ரிக்கார்டரில் 19:10-க்குப் போக வேண்டும். போனோம். அங்கே டில்லில் நிற்பது அண்ணை. ஒரு வாடிக்கையாளர் கூல்டிரிங்க்ஸ் கேஸ்களைக் கவுண்டரில் திருப்பி வைக்கிறார், அண்ணை காசை எண்ணிக் கொடுக்கிறார். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவருக்கே மறந்து போயிருக்கிறது.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை, ஏன்னா அந்த ரிக்கார்டரை மாட்டினது நான்.

அதற்கு முந்தின வருடம் பிப்ரவரியில் மாட்டினேன். எட்டு கேமரா, ஒரு பிஓஈ ரிக்கார்டர். சாயங்காலம் ஆகிவிட்டது, வேறொரு இடத்துக்குப் போகணும். என்டிபி டிக் போடாமல் போனைப் பார்த்து நேரத்தைக் கையால் அடித்தேன். கோடைகால நேரத்துக்கான பெட்டியையும் தொடவில்லை. பிப்ரவரியில் ஜிஎம்டி, எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. மார்ச் கடைசி ஞாயிறு பிரிட்டன் முழுக்க ஒரு மணி நேரம் முன்னால் போனது, அந்தப் பெட்டி மட்டும் போகவில்லை. ஏழு மாதம் யாரும் கவனிக்கவில்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு நாடு அதன் பக்கம் திரும்பி வந்ததும் தானாகவே 'சரி' ஆகிவிட்டது. அடுத்த மார்ச்சில் மறுபடி தப்பு. குளிர்காலத்தில் மட்டும் உண்மை பேசும் பெட்டி.

அந்த நாலு நிமிடம் வேறு கணக்கு. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் மலிவானது. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 வினாடி, ஒரு வருடத்தில் பத்து நிமிடம். என் பெட்டி நாலு நிமிடத்தோடு நின்றது என்றால் அது நல்ல கிரிஸ்டல் என்றுதான் சொல்லணும்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது நான் மட்டும் செய்த தவறு இல்லை என்று தெரியும். பெட்டியைப் பிரித்ததும் பெய்ஜிங் நேரத்தில், எட்டு மணி நேரம் முன்னால் ஓடும் கேமராக்கள் உண்டு. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வந்தால் 1970 ஜனவரி 1-க்குப் போகிறவை உண்டு. அப்படிப் போனால் நேரம் மட்டும் கெடுவதில்லை. சர்டிஃபிகேட் எல்லாம் 'இன்னும் பிறக்காதவை' ஆகிவிடும், கிளவுடோடு பேச முடியாது. கடைக்காரர் இன்டர்நெட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

எனக்கு அதிகம் தலைவலி தந்தது பாஸ்வேர்டு கேஸ்தான். ஆன்விஃப் வழியாக கேமராவை ரிக்கார்டரில் சேர்க்கும்போது, பாஸ்வேர்டோடு அனுப்பும் நேரத்தையும் சேர்த்துத்தான் டைஜஸ்ட் போகும். கேமராவின் கடிகாரமும் இதுவும் ரொம்ப விலகியிருந்தால் பழைய டைஜஸ்ட் என்று நிராகரித்துவிடும். ஆனால் திரையில் வருவது 'யூசர்நேம் அல்லது பாஸ்வேர்டு தவறு'. ஒரு ஆபீஸில் மூன்று தடவை ஃபேக்டரி ரீசெட் பண்ணினேன். ரீசெட் பண்ணினால் நேரமும் பழைய தப்புக்கே போகும், மறுபடி அதே எரர். ஏணி மேலே ஏறி இறங்கியதில் முழங்கால் போனதுதான் மிச்சம். இப்போதெல்லாம் பாஸ்வேர்டு தப்பு என்று வந்தால் முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பேன்.

டைம்சோன் விஷயத்திலும் ஒரு குழி இருக்கு. போசிக்ஸ் முறையில் குறி தலைகீழ். நாம் யுடிசி மைனஸ் ஐந்து என்று சொல்லும் டொராண்டோவை அது ப்ளஸ் ஐந்தாக எழுதும். சில கேமராக்களின் வெப் பக்கம் நம் முறையில் காட்டும், உள்ளே அந்த முறையில் சேமிக்கும். கனடாவில் இருக்கும் வாசகர்கள் பத்து மணி நேர வித்தியாசத்தைப் பார்த்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

சரி, என்டிபி போட்டால் தீர்ந்ததா? இல்லை. பாதுகாப்புக்காக கேமராக்களைத் தனி விலானில் போட்டு இன்டர்நெட்டை அடைத்துவிடுவோம். அது சரியான வேலைதான். ஆனால் யுடிபி 123-ம் அதோடு சேர்ந்து அடைபடும். செட்டிங்கில் என்டிபி டிக் போட்டிருக்கும், எதிரே ஒரு சர்வர் பெயரும் இருக்கும். டிஎன்எஸ் இல்லாத கேமராவுக்கு அந்தப் பெயர் வெறும் எழுத்து. இதற்காக ஃபயர்வாலைத் திறந்துவிடும் ஆட்களும் உண்டு, தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். ரிக்கார்டரோ ரவுட்டரோ வெளியிலிருந்து நேரத்தை வாங்கட்டும், கேமராக்கள் அதனிடம் ஐபி முகவரி வழியாகக் கேட்கட்டும். முக்கியமா, ஒரு கேமராவுக்கு ஒரே எஜமான். ரிக்கார்டரும் நேரம் தள்ளி, கேமராவும் தனியாக என்டிபி கேட்டு, இரண்டிலும் கோடைகாலப் பெட்டி டிக் ஆகியிருந்தால் நேரம் ஒரு மணி நேரம் குதித்துக்கொண்டே இருக்கும். காலையில் சரி, மதியம் தப்பு. பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

என்டிபியை டேவிட் மில்ஸ் 1985-ல் கொடுத்துவிட்டுப் போனார். இணையத்தின் பழைய, நம்பகமான விஷயங்களில் ஒன்று. நாற்பது வருடமாகத் தீர்ந்துபோன ஒரு பிரச்சினையை நாம் இன்னும் கடைகளில் தீர்க்காமல் வைத்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு எரிச்சல்.

தயாரிப்பாளர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஹார்டு டிஸ்க் போனால் ரிக்கார்டர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும். கேமரா ஒயர் அறுந்தால் கத்தும். நேரம் ஒத்திசைந்து மூன்று மாதம் ஆச்சு என்றால்? நான் கையில் தொட்ட பெட்டிகளில் ஒன்று கூட மூச்சு விட்டதில்லை. ஒரு சிவப்புப் புள்ளி போடுவதற்கு ஏஐ வேண்டாமே. ஆனால் அவர்களைத் திட்டிவிட்டு நான் தப்பிக்க முடியாது. ஒப்படைக்கும்போது வாடிக்கையாளரிடம் பத்து விஷயம் காட்டிக் கையெழுத்து வாங்குகிறோம். அதில் நேரம் என்று ஒரு வரி கிடையாது. அந்தப் படிவத்தை எழுதியது நாங்கள்தான்.

சட்டமும் இதில் இருக்கிறது. ஒருவர் தெரியும் சிசிடிவி படம் அவருடைய தனிப்பட்ட தகவல். பிரிட்டனின் ஜிடிபிஆர், ஒருவரைப் பற்றி வைத்திருக்கும் தகவல் துல்லியமாக இருக்க வேண்டும் என்கிறது. வேலை செய்பவர் தன் படத்தைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. "கேமராவில் இருக்கு" என்று யாராவது சொன்னால் "காட்டுங்க, கூடவே இப்போ மணி என்ன காட்டுதுன்னும் காட்டுங்க" என்று கேட்கலாம். அது திமிர் இல்லை.

முதலாளிகளுக்கு ஒன்று. நேரம் தப்பு என்று தெரிந்ததும் கை பரபரக்கும். உடனே சரி பண்ணாதீர்கள். அண்ணையும் "இப்பவே மாத்தி விடுங்கோ" என்றார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் மானிட்டரையும் ஒரு சரியான கடிகாரத்தையும் சேர்த்து ஒரே படமாக எடுங்கள். இங்கே 123-க்கு போன் செய்தால் நேரம் சொல்லும் குரல் வரும், 1936-ல் தொடங்கிய சேவை. என்டிபி போர்ட்டும் 123 என்பது தற்செயல், ஆனா எனக்குப் பிடிக்கும். எத்தனை நிமிடம், முன்னாலா பின்னாலா என்று எழுதி வையுங்கள். தேவையான பதிவை வெளியே எடுங்கள். அதற்குப் பிறகுதான் கடிகாரம். படத்தின் மேல் பதிந்துவிட்ட நேரத்தை மாற்ற முடியாது, இந்தக் குறிப்பு இல்லாமல் பழைய பதிவு எதையும் நம்ப முடியாது. கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் ஒரே மணி நேரத்துக்கு இரண்டு பதிவு வந்து தேடுவதே குழப்பமாகும் என்பது வேறு. போலீஸ் வந்து கேட்டாலும் அந்தத் துண்டுச் சீட்டைப் பதிவோடு சேர்த்துக் கொடுங்கள்.

அண்ணை அன்றைக்கே அவளுக்கு போன் பண்ணினார். நான் பக்கத்திலேயே நின்றேன். "பிள்ளை, என்ரை பிழை" என்றார். கமராவின் பிழை என்று சொல்லவில்லை, அந்த மரியாதை அவருக்கு உண்டு. நான் போனை வாங்கி, மாட்டினது நான்தான் என்று சொன்னேன். "பரவாயில்லை அண்ணா" என்றாள். என்ன குற்றச்சாட்டு என்றே அவளுக்கு அதுவரை தெரியாது. அந்த இரவு முழுக்க என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பாள்.

திரும்ப வேலைக்கு வந்தாள். மூன்று வாரம் கழித்து வேறு கடைக்குப் போய்விட்டாள். பஸ் வசதி என்று காரணம் சொன்னாளாம். நான் அந்தச் சனிக்கிழமையே உட்கார்ந்து, பழைய இன்வாய்ஸ்களை எடுத்து, நான் மாட்டிய எல்லா இடங்களுக்கும் வரிசையாக போன் பண்ண ஆரம்பித்தேன். "இப்போ உங்க மானிட்டரில் மணி என்ன காட்டுது?" இதுவரை பதினொரு பேரைக் கேட்டாச்சு. நாலு இடத்தில் தப்பு.