நடுவில் வைப்போம்

விடுதி வாழ்வில் ஈகைக்குக் குறைவில்லை. ஊரிலிருந்து பலகாரப் பொட்டலம் வந்தால் அறைத்தோழர் அனைவர்க்கும் பங்குண்டு. எனினும், வீட்டிலிருந்து எதுவும் வரப்பெறாத மாணவர், பொட்டலம் பிரிக்கும் வேளையில் படிக்கச் செல்வதாகக் கூறி வெளியேறுவதை நாம் கண்டிருக்கிறோம். என்றும் பெறுபவராகவே இருக்க அவர்தம் தன்மானம் இடந்தரவில்லை.

காயல்பட்டினத்து விருந்துகளில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பர். ஒரே தட்டில் கைவைத்தபின் செல்வர், எளியவர் என்ற பேதமில்லை. திருக்குறளும் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரத்திலும் ஈகையை 23ஆம் அதிகாரத்திலும் வேறுவேறாகவே வைத்துள்ளது. அறைத்தோழர் நமக்கு இரவலர் அல்லர், உடனுண்ணும் உறவினர்.

ஆதலின், பொட்டலத்தைக் கையில் பிடித்துப் பங்கிடாது நடுவில் வைப்போம். பண்டம் கொணராதவர் பாடம் சொல்லித் தரட்டும். நாம் மகிழ்ந்து பெறுவோம். பெறத் தெரிந்தவர்க்கே கொடுக்கவும் தெரியும்.